பெயர் எழுதாத படங்கள்



சென்ற பள்ளி விடுமுறையில் என் பழைய மாணவி ஒருவர் வீட்டிற்கு வந்திருந்தார். ஆறாம் ஆண்டில் என்னிடம் தமிழ் படித்தவர். இப்பொழுது கோலாலம்பூரில் ஒரு கலைக் கல்லூரியில் ஓவியம் பயில்கிறார். கையில் ஒரு வரைதாள் புத்தகம், தோளில் ஒரு நிழற்படக் கருவி. முகத்தில் கவலை.

"ஐயா, ஓர் இடத்தின் கதையைப் பன்னிரண்டு படங்களில் சொல்லவேண்டும். பாதி ஓவியம், பாதி நிழற்படம். படத்தில் ஒரு சொல்கூட எழுதக்கூடாது என்று விரிவுரையாளர் சொல்லிவிட்டார். நம் புக்கிட் ரம்பாயை எடுத்துக்கொண்டேன். எங்கே தொடங்குவது என்றுதான் தெரியவில்லை" என்றார்.

வரலாற்றில் பித்துள்ள ஓர் ஆசிரியனிடம் இப்படிக் கேட்டால் என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியும். நான் 1850-ஆம் ஆண்டிலிருந்து தொடங்கினேன்! பாவம், இரண்டு குவளை தேநீர் ஆறிப்போகும் வரை அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அன்று அவரிடம் சொன்னதையும், பின்னர் அவரிடமிருந்து நான் கற்றுக்கொண்டதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

சென்னையில் ஒரு பள்ளி

கோடு வரைவதையும் நிழற்படம் எடுப்பதையும் ஒருசேரக் கற்ற தமிழ் மாணவர்கள் இன்றுதான் தோன்றினார்கள் என்று நாம் நினைக்கிறோம். உண்மை அதுவன்று. 1850-ஆம் ஆண்டு அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் ஆங்கிலேய அரசின் மருத்துவர் சென்னையில் ஒரு கலைப் பள்ளியை நிறுவினார். மறு ஆண்டில் தொழிற்கலைப் பிரிவும் அதனுடன் சேர்ந்தது. பின்னர் அரசு அப்பள்ளியை ஏற்றுக்கொண்டது. இன்றைய சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியின் தொடக்கம் அதுவே. வரைதல், மரச்செதுக்கு அச்சு, கல்லச்சு, மண்பாண்டக் கலை முதலியவை அங்கே கற்பிக்கப்பட்டன. நிழற்படக்கலை உலகிற்கு அறிவிக்கப்பட்டதே 1839-இல்தான். அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அக்கலையும் அப்பள்ளியின் பாடங்களுள் ஒன்றாகிவிட்டது. 1856-இல் சென்னை நிழற்படக் கழகம் தோன்றியபொழுது அதிலும் ஹண்டர் முன்னின்று உழைத்தார்.

அதே 1856-இல் லின்னேயஸ் டிரைப் என்னும் படை அதிகாரி சென்னை அரசின் நிழற்படக்காரராக அமர்த்தப்பட்டார். 1857-இன் இறுதியில் புறப்பட்டு, திருவரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, தஞ்சை, மதுரை முதலிய இடங்களுக்குச் சென்று கோயில்களையும் கோட்டைகளையும் படமெடுத்தார். கண்ணாடித் தகடுகளை மாட்டு வண்டியில் ஏற்றி அந்த வெயிலில் அலைவது கடினம் என்பதால், மெழுகு பூசிய தாளையே எதிர்மறைப் படத்திற்குப் பயன்படுத்தினார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தைச் சுற்றியுள்ள கல்வெட்டை 21 படங்களாக எடுத்து, ஒன்றோடொன்று ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக ஆக்கினார். கண்ணுக்கு எட்டியவரை நம் எழுத்துகள்!

இங்கே என் மாணவி நிமிர்ந்து உட்கார்ந்த செய்தி ஒன்று உண்டு. அக்கால நிழற்படக் கலவை நீல ஒளியை மிகுதியாக வாங்கிக்கொள்ளும். அதனால் வானம் எப்பொழுதும் வெறும் வெண்மையாகவே பதியும். டிரைப் என்ன செய்தார் தெரியுமா? எதிர்மறைத் தாளின் மேல் தூரிகையால் வண்ணம் தொட்டு மேகங்களையும் மரக்கிளைகளின் இலைகளையும் வரைந்து சேர்த்தார். நிழற்படத்துக்குள்ளே ஓவியம் இருந்தது. இரண்டையும் வேறு வேறு கலைகளாகப் பிரித்தவர்கள் பின்னால் வந்தவர்களே.

இன்னொரு செய்தி. ஒரு படம் பதிய அப்பொழுது நெடுநேரம் ஆயிற்று. அசையாமல் நின்ற தூண் பதிந்தது. நடந்துபோன மனிதர் பதியவில்லை. டிரைப்பின் மதுரைப் படங்களில் மண்டபங்கள் பெரும்பாலும் ஆளற்றுக் கிடப்பதைக் காணலாம். மதுரைக் கோயிலில் ஆளில்லாத நேரம் என்று ஒன்று உண்டா? ஆட்கள் இருந்தார்கள், படத்தில்தான் இல்லை.

டிரைப்பிடம் பயிற்சி பெற்றவர்களுள் ஹண்டரின் கலைப் பள்ளி மாணவர் ஒருவர் இருந்தார். ஆங்கில ஆவணங்களில் உள்ள எழுத்துக்கூட்டலைத் தமிழாக்கினால் சி. ஐயாசாமி என்று வரும். வரைதலும் நிழற்படமும் கற்ற தமிழ் மாணவர்களுள் பெயரோடு நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய சிலருள் அவர் ஒருவர். ஆளுநர் டிரெவெலியன் 1859-இல் டிரைப்பின் பணியை வீண் செலவு என்று கருதி நிறுத்தச் சொல்லிவிட்டார். ஆனால் கலைப் பள்ளியில் நிழற்படம் நிற்கவில்லை. 1873-இல் வெளிவந்த பிரீக்ஸ் என்பாரின் நீலகிரிப் பழங்குடிகள் பற்றிய நூலுக்குப் படமெடுத்துக் கொடுத்தவர்களும் அப்பள்ளியைச் சேர்ந்தவர்களே.

பினாங்கில் இருவர்

"அதெல்லாம் சென்னை, ஐயா. நம் நாட்டில்?" என்று கேட்டார் மாணவி. நல்ல கேள்வி.

1862-இல் ஜான் தாம்சன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் இப்பகுதிக்கு வந்து சேர்ந்தார். பினாங்கில் ஏறத்தாழப் பத்து மாதங்கள் தங்கிப் படமெடுத்தார். பின்னாளில் சீனாவையும் கம்போடியாவையும் படமெடுத்து உலகப் புகழ் பெற்றவர் அவர். 1875-இல் இலண்டனில் வெளிவந்த தம் பயண நூலில் பினாங்கு நாள்களைப் பற்றி எழுதுகையில் ஒரு செய்தியைப் போகிற போக்கில் சொல்கிறார். மனிதக் கை படாமல் உருவத்தைப் பிடிக்கும் இந்தப் பேய்வேலைக்குச் சீனர்கள் உடன்பட மறுத்துவிட்டார்களாம். ஆகவே சென்னைப் பகுதியைச் சேர்ந்த இருவரைப் பயிற்றுவித்துத் தம் படங்களை அச்சிடுவோராகவும் உதவியாளராகவும் வைத்துக்கொண்டாராம். அவர்களைக் குறிக்க அவர் எழுதும் சொல் 'கிளிங்'. மலாக்காவில் கம்போங் கிளிங் பள்ளிவாசலின் பெயரில் நாம் இன்றும் காணும் அதே சொல். கலிங்கத்திலிருந்து பிறந்து, நாளடைவில் நம்மவரை இழிவாகச் சுட்டுவதற்குப் பயன்பட்ட சொல்.

அந்த இருவரின் வேலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். அது ஈரத்தகட்டு முறையின் காலம். கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்னும் பசைநீரை ஒரே சீராகப் பரப்பவேண்டும். இருட்டில் வெள்ளி உப்புக் கரைசலில் முக்கவேண்டும். ஈரம் காய்வதற்குள் படமெடுத்து, உடனே இருட்டறைக்குள் கொண்டுபோய்க் கழுவவேண்டும். நம் ஊர் வெக்கையில் அந்த ஈரம் எவ்வளவு நேரம் நிற்கும்? தகடு ஆயத்தமான பிறகு, முட்டை வெண்கரு பூசிய தாளில் வெயிலைக் கொண்டு அச்செடுக்கவேண்டும். தங்க உப்பில் நிறமேற்றவேண்டும். மீண்டும் மீண்டும் நீரில் அலசவேண்டும். வெள்ளி உப்புப் பட்ட விரல்கள் கறுத்துப்போகும்; எளிதில் வெளுக்காது.

இத்தனை நுணுக்கமான கைவேலையைக் கற்றுக்கொண்ட அந்த இரண்டு தமிழர்களின் பெயர் என்ன? தாம்சன் எழுதவில்லை. நம் மண்ணில் நிழற்படத் தொழிலைக் கற்ற முதல் தமிழர்களுள் இருவர், விரலில் கறையோடு வரலாற்றில் நிற்கிறார்கள். பெயர் இல்லாமல் நிற்கிறார்கள்.

நாற்காலியில் அமர்ந்தவர்கள்

1876-லிருந்து 1878 வரை தென்னிந்தியாவைப் பெரும் பஞ்சம் வாட்டியது. சென்னைப் படையைச் சேர்ந்த ஊப்பர் என்னும் அதிகாரி, எலும்பும் தோலுமாய் இருந்த மக்களைக் குழுக் குழுவாக உட்கார வைத்துப் படமெடுத்தார். அப்படங்கள் இன்றும் பார்ப்போரை உலுக்குகின்றன. படமெடுத்தவர் அவர்களுக்கு உதவினாரா என்ற கேள்வி அக்காலத்திலேயே எழுந்தது. அவர்கள் யார் என்ற கேள்வியை யாரும் கேட்கவில்லை.

பஞ்சத்துக்கும் வறுமைக்கும் தப்பிக் கப்பலேறியவர்களின் வழித்தோன்றல்கள் நம்மில் எத்தனை பேர்! 1896-இல் டான் சாய் யான் என்னும் சீன வணிகர் இங்கே மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் இரப்பர் பயிரிட்டார். மலாயாவின் முதல் வணிக முறை இரப்பர்த் தோட்டம் என்று அதனைக் குறிப்பிடுவார்கள். பிறகு நடந்தது நீங்கள் அறிந்ததே. காடு தோட்டமாயிற்று, தோட்டத்துக்குத் தமிழர் வந்தனர்.

தோட்டத்துக்குப் பின்னாலேயே நிழற்படக் கருவியும் வந்தது. சிங்கப்பூரில் 1867-இல் தொடங்கப்பட்ட லாம்பர்ட் நிழற்பட நிலையம், பின்னர்க் கிளைன்குரோத் முதலியோர் தோட்டங்களையும் அங்கு உழைத்தவர்களையும் படமெடுத்தனர். அஞ்சலட்டைகளாக அப்படிப்பட்ட படங்கள் உலகெங்கும் போயின. அவற்றின் அடியில் 'தமிழ்ப் பெண்', 'தமிழ்க் கூலிகள்' என்ற வகையிலேயே எழுதியிருக்கும். மரத்துக்கு இனப்பெயர் எழுதுவது போல மனிதருக்கும் இனப்பெயர் எழுதினார்கள்.

இதைக் கேட்டதும் மாணவி சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "ஐயா, எங்கள் பாட்டியிடம் அப்படி ஒரு படம் இருக்கிறது" என்றார்.

தகரப் பெட்டி

மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். புக்கிட் ரம்பாய் என்றால் ரம்பாய்ப் பழக்குன்று என்று பொருள். இன்று இங்கே வருபவருக்குக் கண்ணில் படுவன தொழிற்சாலைகளும் தாமான் வீடுகளும் சரக்கு வண்டிகளும்தான். மாணவியின் பாட்டி தம் இளமையைத் தோட்டத்து லயத்தில் கழித்தவர். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. பிஸ்கட் தகரப் பெட்டியிலிருந்து அவர் எடுத்துக் கொடுத்தது 1955-ஆம் ஆண்டு எடுத்த ஒரு குழுப்படம்.

நான் பார்த்துப் பழகிய எல்லாத் தோட்டத்துக் குழுப்படங்களையும் போலத்தான் அதுவும். நடுவில் நாற்காலியில் துரை. இரு பக்கமும் நாற்காலிகளில் கிராணிமார். அவர்களுக்குப் பின்னால் தலைப்பாகையோடு கங்காணிமார். அதற்கும் பின்னால் ஆண்கள். தரையில் பெண்களும் பிள்ளைகளும். மொத்தம் 43 பேர். அட்டையின் கீழே ஆங்கிலத்தில் பெயர்கள் அச்சிட்டிருந்தன. எத்தனை பெயர்கள் தெரியுமா? ஐந்து. நாற்காலியில் அமர்ந்தவர்களுக்கு மட்டும் பெயர் இருந்தது.

மாணவி கருவியை எடுத்துப் பாட்டியைப் படமெடுக்க முனைந்தார். பாட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எதுக்குக் கண்ணு இந்தக் கெழவியப் புடிக்கிற? அப்பவும் ஒருத்தன் வந்து புடிச்சான். படம் வந்துச்சு. பேரு வரலியே."

எனக்குச் சுருக்கென்றது. நான் இரண்டு நாள்களாக வரலாற்று நூல்களைக் கொண்டு விளக்கியதைப் பள்ளிக்கூடமே போகாத அந்த அம்மையார் ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

அன்று மாணவி கருவியை உறைக்குள் வைத்துவிட்டார். அப்பொழுது அவரிடம் ஓவியர் சில்பியைப் பற்றிச் சொன்னேன். 1919-இல் நாமக்கல்லில் பிறந்த சீனிவாசன்தான் சில்பி. அதே சென்னைக் கலைப் பள்ளியில் பயின்றவர். ஆனந்த விகடனில் ஓவியர் மாலி அவருக்கு அப்பெயரைச் சூட்டினார். தென்னாட்டுக் கோயில்களுக்குச் சென்று, சிற்பங்களின் முன் மணிக்கணக்கில் அமர்ந்து, அணிகலனின் முத்தைக்கூட விடாமல் வரைந்தவர். நிழற்படக் கருவி நொடியில் முடிக்கும் வேலைக்கு அவர் ஏன் நாள்களைச் செலவிட்டார்? வரைபவன் பார்த்தே ஆகவேண்டும். பாராமல் கோடு விழாது.

நம் மொழியையே பாருங்கள். நிழற்படத்தை 'எடுக்கிறோம்', 'பிடிக்கிறோம்'. ஓவியத்தை 'வரைகிறோம்', 'தீட்டுகிறோம்'. எடுப்பவன் எதையோ கொண்டுபோகிறான் என்ற ஐயம் பாட்டிக்கு இருந்ததில் வியப்பில்லை.

மாணவி பென்சிலை எடுத்தார். முதலில் பாட்டியின் கைகளை வரைந்தார். உளி பிடித்துக் காய்த்துப்போன வலக்கை. காண்டா வாளி சுமந்து ஒருபுறம் தாழ்ந்துவிட்ட தோள். வரைய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அந்த ஒரு மணி நேரமும் பாட்டி பேசிக்கொண்டே இருந்தார். விடியற்காலைப் பிரட்டு, மங்கில் பால் நிறையுமுன் மழை வந்துவிட்டால் போகும் அன்றையக் கூலி, ஆயாக் கொட்டகையில் விட்டுவந்த கைக்குழந்தை, கைத்தறிச் சேலையைக் கிழித்துக் கட்டிய தலைத்துணி... வாய் மூடி உட்காருங்கள் என்று நிழற்படக்காரர் சொல்வார். ஓவியர் முன்னால் பேசலாம்!

பிறகுதான் அவருக்கு அந்த எண்ணம் தோன்றியது. குழுப்படத்தில் முகங்கள் ஒவ்வொன்றும் மிளகளவுதான். பாட்டிக்குக் கண்ணில் புரை; ஒன்றும் தெரியவில்லை. மாணவி படத்தைக் கருவியால் பகுதி பகுதியாக எடுத்துக் கணினித் திரையில் பெரிதாக்கினார். பழைய படமாதலால் முகங்கள் புள்ளிகளாகச் சிதறின. பாட்டி தலையசைத்தார். உடனே மாணவி அந்தப் புள்ளிகளைப் பார்த்து ஒவ்வொரு முகத்தையும் வெள்ளைத் தாளில் கரிக்கோலால் தடித்த கோடுகளில் வரைந்தார். ஒரு தாளில் ஒரு முகம். பாட்டியின் கைக்கெட்டும் தொலைவில் பிடித்துக் காட்டினார்.

பாட்டி முதல் தாளைப் பார்த்தார். இரண்டாவதைப் பார்த்தார். மூன்றாவது தாளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். "இது எங்கக்கா" என்றார்.

ஐந்து நாள்கள் இவ்வாறு போயின. நாற்காலியில் இல்லாத 38 பேரில் 24 பேரின் பெயர்கள் கிடைத்தன. சில முகங்களைப் பாட்டி தவறாகச் சொல்லி, மறுநாள் தாமே திருத்தினார். சில கோடுகளை, "மூக்கு இப்பிடி இருக்காது, கொஞ்சம் சப்பை" என்று சொல்லி மாற்றச் சொன்னார். 14 பேருக்குப் பெயர் கிடைக்கவில்லை. அவர்களை அறிந்தவர்கள் இப்பொழுது யாரும் இல்லை. மாணவி அவர்களின் முகங்களையும் வரைந்து வைத்தார். பெயருக்கு இடம் விட்டு வைத்தார். கடைசி நாள் பாட்டி தாமாகவே நாற்காலியை வாசலில் வெளிச்சத்துக்கு இழுத்துப் போட்டு அமர்ந்தார். "இப்பப் புடி" என்றார்.

நான் கற்ற பாடம்

பன்னிரண்டு படங்களும் ஆயத்தமான பின் மாணவி என்னிடம் காட்டினார். எந்தப் படத்திலும் ஒரு சொல் இல்லை. திருப்பிப் பார்த்தேன். ஒவ்வொன்றின் பின்புறத்திலும் படத்தில் உள்ளவரின் பெயர், ஊர், நாள், சொன்னவர் பெயர், வரைந்தவர் பெயர் ஆகியவை தமிழில் எழுதியிருந்தன.

"விதியை மீறிவிட்டாயே அம்மா!" என்றேன்.

"படத்தில் எழுதக்கூடாது என்றுதானே ஐயா சொன்னார்? பின்னால் எழுதக்கூடாது என்று சொல்லவில்லையே!" என்று சிரித்தார்.

படங்கள் தாமே கதை சொல்லவேண்டும் என்பது கலைக் கல்லூரியின் விதி. அது நல்ல விதிதான். ஆனால் மதுரையின் ஆளற்ற மண்டபங்களும், பினாங்கின் கறை படிந்த விரல்களும், தோட்டத்துத் தரையில் அமர்ந்த பெண்களும் நமக்குச் சொல்வது வேறொன்று. படம் எத்துணை அழகாகக் கதை சொன்னாலும், யாருடைய கதை என்பதைப் படத்தால் மட்டும் சொல்ல முடிவதில்லை. அதைப் பக்கத்தில் இருந்தவர் எழுதி வைக்கவேண்டும்.

இதை எழுதும்பொழுது எனக்கே நாணமாக உள்ளது. என் பணிக்காலத்தில் பள்ளி விளையாட்டுப் போட்டி, பொங்கல் விழா, பரிசளிப்பு விழா என எத்தனையோ படங்களை எடுத்து ஒட்டியிருக்கிறேன். சிறப்பு வருகையாளரின் பெயரை மறவாமல் எழுதினேன். பின்வரிசைப் பிள்ளைகளின் பெயரை எழுதவில்லை. "எல்லாரும் நமக்குத் தெரிந்தவர்கள்தானே" என்று நினைத்தேன். இப்பொழுது எடுத்துப் பார்த்தால் பாதி முகங்களுக்குப் பெயர் வரமாட்டேன் என்கிறது. 1955-இல் படமெடுத்தவரும் இப்படித்தான் நினைத்திருப்பாரோ?

ஆசிரிய நண்பர்களுக்கும் பழைய மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலும் ஒரு தகரப் பெட்டி இருக்கும். வரும் விடுமுறையில் அதைத் திறவுங்கள். தாத்தா பாட்டியைப் பக்கத்தில் அமர்த்திக் கேளுங்கள். படத்தின் பின்புற ஓரத்தில் மென்மையான பென்சிலால், அழுத்தாமல் எழுதுங்கள். பேனா மை ஊறி முன்பக்கம் தெரியும். பந்துமுனைப் பேனா அழுத்தித் தடம் பதிக்கும். கைப்பேசியில் உள்ள படங்களாயின் கோப்புப் பெயரிலேயே ஆளின் பெயரையும் ஆண்டையும் சேர்த்துவிடுங்கள். வரையத் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால் கையில் ஒரு பென்சிலும் கொடுங்கள்.

நானும் தொடங்கிவிட்டேன். பள்ளிப் படங்களில் இதுவரை மூன்று வகுப்புகள் முடிந்திருக்கின்றன. பின்வரிசையில் இடமிருந்து நான்காவதாக நிற்கும் ஒரு பையனின் பெயர் மட்டும் இன்னும் நினைவுக்கு வரவில்லை. இந்தப் பதிவைப் படிக்கும் பழைய மாணவர்கள் யாரேனும் வீட்டுப் பக்கம் வந்தால் படத்தைக் காட்டுகிறேன்.